பெரியப்பாவின் அம்பாசிடரும் உப்புத் தரையும்

மாட்டுத்தாவணி டீக்கடையில் தம்பி கேட்டான்: "பெரியப்பாவோட டீசல் அம்பாசிடரை அமெரிக்காவுல கார் வேகச் சாதனை பண்ற பான்வில் உப்புத் தரையில விட்டா எவ்வளவுண்ணே போகும்?"

சரி, கணக்குப் போட்டேன். 1489 சிசி, சுமார் 37 குதிரைத்திறன். மேலூர் ரோட்டில் 100-ஐ நெருங்கினாலே ஸ்டீயரிங் சாமியாடும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். 100-லிருந்து 120-க்குப் போகவே 1.7 மடங்கு வேண்டும். பான்வில் 4200 அடி உயரம். காற்று லேசு, தடை குறையும். ஆனால் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சும் அதே காற்றுதான். ரெண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மிச்சத்தை ஈர உப்பு இழுத்துக்கொள்ளும்.

90 என்றேன். பெரியப்பா முகம் சுண்டிவிட்டது. 2006-ல் அங்கே ஜேசிபி டீசல்மேக்ஸ் என்ற டீசல் சாதனைக் கார் மணிக்கு 563 கி.மீ. வேகத்தில் போனதையும் சொன்னேன்.

"அதுல எத்தனை மூட்டை நெல்லு ஏத்தலாம்?" என்றார்.