88 டிகிரியில் கொதிக்கும் ஊர்

பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஒரு சிறிய பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகச் சேர்ந்த முதல் வாரம். கொப்பரையில் வோர்ட், அதாவது பீராகப் போகும் தானியச் சாறு, தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பமானியோ 88 டிகிரியைத் தாண்ட மறுத்தது. கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி வேறொன்று கொண்டுவரச் சொன்னேன். நொதிகலன்களைக் கவனித்துவந்த ஐமாரா பழங்குடி முதியவரை எல்லோரும் மயேஸ்த்ரோ, அதாவது ஆசான், என்றே அழைப்போம். அவர் சிரிக்காமல், "கருவி சரியாகத்தான் இருக்கிறது, இன்ஹே. நீங்கள்தான் இன்னும் மலை ஏறி வந்து சேரவில்லை" என்றார். பொறியாளர்களை அங்கே செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

லா பாஸ் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது; அழுத்தம் குறைந்தால் 100 டிகிரியை எட்டும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். பீர் காய்ச்சுகிறவனுக்கு அந்த 12 டிகிரிக் குறைவு சில்லறைச் சங்கதி அல்ல. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறினால்தான் பீரில் கசப்பு இறங்கும். 88 டிகிரியில் அந்த மாற்றம் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் நடக்கிறது. வெந்த சோள வாசனையைக் கொடுக்கும் கந்தகச் சேர்மமும் லேசில் வெளியேறாது. ஆகவே ஹாப்ஸைக் கூட்டினோம், ஒரு மணி நேரக் கொதியை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தோம், எரிவாயுக் கணக்கைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளிப்பதையும் பழகிக்கொண்டோம்.

என் பெரிய பிழை அதற்குப் பிறகு வந்தது. பீரில் எவ்வளவு கரியமில வாயு கரைய வேண்டுமோ அதற்கேற்ற அழுத்தத்தை அட்டவணையில் பார்த்து வைத்தேன். 20 பீப்பாய்களும் உயிரில்லாமல், சர்க்கரைத் தண்ணீரின் தங்கை போல வந்து நின்றன. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டுமே. அட்டவணையோ கடல்மட்டத்து வெளிக்காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அழுத்தத்தை ஏறக்குறைய ஐந்து பி.எஸ்.ஐ. அலகுகள் கூட்டி வைத்ததும் வாயு சரியாகக் கரைந்தது. ஆனால் குழாயைத் திறந்தால், மெல்லிய காற்றில் வாயு அவசரமாக வெளியேற, கோப்பையில் பாதிக்கு மேல் நுரையே நின்றது. பீரைக் கிட்டத்தட்ட உறையும் நிலைக்குக் குளிர்வித்து, குழாயை நீளமாக்கி, ஓட்டத்தை மெதுவாக்கித்தான் அதை ஓரளவுக்கு அடக்க முடிந்தது. நாள்தோறும் கொட்டிப்போன நுரையை 'இழப்பு' என்ற பத்தியில் லிட்டர் கணக்கில் எழுதிவந்தேன்.

அந்த ஊரில் பீர் புதிதல்ல. பாசேன்யா என்ற பீரைத் தயாரிக்கும் தேசிய ஆலை 1886 முதல் இயங்குகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே சிச்சா என்ற சோள மது இருந்தது. ஒரு விடுமுறையில் கோச்சபம்பா பள்ளத்தாக்குக்குப் போனபோது, வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய வீட்டில் ஒரு மூதாட்டி முளைவிட்ட சோளத்தைச் சாக்கில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். முளை எவ்வளவு நீண்டதும் நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். ஒரு மணியை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்து, "இனித்தால் போதும்" என்றார். பார்லியை முளைக்கவிட்டு மால்ட் ஆக்கும்போது நாங்கள் ஆய்வகத்தில் அளப்பதும் மாவுச்சத்து சர்க்கரையாகும் அதே மாற்றத்தைத்தான். சுரைக்குடுக்கை போன்ற துதுமா என்ற கோப்பையில் அவர் ஊற்றிக் கொடுத்த சிச்சா புளித்தது, கலங்கலாயிருந்தது. என் தொழில்முறை நாக்கு குறைகளை எண்ணத் தொடங்கியதற்கு இன்றும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். நான் குடிக்கும் முன்பே அவர் என் கையைத் தடுத்து, முதலில் சிறிது தரையில் ஊற்றச் சொல்லியிருந்தார். அது பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு.

கார்னிவல் வந்தது. அதையொட்டி அலுவலகங்களிலும் ஆலைகளிலும் சாயா என்ற, பச்சமாமாவுக்கு மது தெளிக்கும் சடங்கைச் செய்வது வழக்கம். கொப்பரை, நொதிகலன், புட்டி நிரப்பும் எந்திரம் எல்லாவற்றின் மீதும் வண்ணக் காகித நாடாக்களும் மலரிதழ்களும் விழுந்தன. நாலு மூலைகளிலும் பீர் தெளிக்கப்பட்டது. ஒருவரும் தனியாகக் குடிக்கவில்லை. கோப்பையைத் தூக்குகிறவர் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து "சலூத்" என்று அழைத்தாக வேண்டும், அழைக்கப்பட்டவரும் உடன் குடித்தாக வேண்டும். மயேஸ்த்ரோ குழாயைத் திறந்து, முதலில் வந்த நுரையை வழக்கம்போல வடிகாலில் விடாமல், கோப்பையில் ஏந்தி மண் தெரியும் முற்றம்வரை நடந்துபோய் ஊற்றினார்.

மாலையில் பதிவேட்டைத் திறந்து, அன்று தரைக்குப் போன பதினோரு லிட்டரை 'இழப்பு' பத்தியில் எழுதினேன். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மயேஸ்த்ரோ என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எண்ணை அடித்துவிட்டு, ஓரத்தில் 'விருந்து கொடுத்தது' என்று ஸ்பானிய மொழியில் எழுதினார். மாதக்கணக்கு பார்த்த கணக்காளர் அதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.