பின்வளவில் ஒரு கோல்ஃப் திடல்
யாழ்ப்பாணம் என்றால் செம்மண் என்பார்கள். எங்கள் பின்வளவோ சுத்தக் களி. போன மாரியில் மூன்று நாளாகத் தண்ணீர் வடியவில்லை. அதனால் மகள் பந்தைக் குழிக்குள் தட்டிப் பழகும் சிறு கோல்ஃப் திடலுக்குப் பனங்குற்றிகளை அடுக்கி மேடை கட்டினோம். அடியில் துளையிட்ட பிவிசி குழாய், மேலே 4 அங்குலம் சல்லிக்கல், பிறகு ஓரடி மணல். களிக்குள் கொஞ்சம் மணலைக் கலந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள், இறுகிவிடும்!

புல், பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அறுகுதான். உலகம் பெர்முடா என்று அழைப்பதும் அதையே. தையில் நட்டது மணலை மூடிவிட்டது. நேற்றிரவு நல்ல மழை. காலையில் அழுத்திப் பார்த்தேன், விரலில் ஈரம் மட்டும். எவ்வளவு மகிழ்ச்சி! பந்து விழும் 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழியையும் பதித்துவிட்டேன். புல்லை ஒட்ட வெட்டும் உருளைப் புல்வெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.