1970 செவெல் எஸ்.எஸ். 396: ஆலையிலிருந்து அப்படியே வந்த கார்தானா என்று உறுதி செய்த அனுபவம்

மிசௌரி மாநிலத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த செவர்லே செவெல் கார் ஒன்றை வாங்குவதற்கு முன், அது ஆலையிலிருந்தே எஸ்.எஸ். 396 ஆக (அதாவது 396 கன அங்குல இன்ஜின் கொண்ட 'சூப்பர் ஸ்போர்ட்' வகையாக) வெளிவந்ததா, அல்லது செவெலின் சாதாரண வகையான மாலிபுவாக வந்து பின்னர் எஸ்.எஸ். ஆக மாற்றப்பட்டதா என்பதை நான் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எஸ்.எஸ். முத்திரைகள், மேடு வைத்த பானெட், கறுப்பு கிரில், வட்ட மீட்டர்கள் கொண்ட டாஷ்போர்டு ஆகிய அனைத்தும் இன்று புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன என்பதால், கண்ணுக்குத் தெரிகிற எதையும் சான்றாகக் கொள்ள முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ் எண். 1968 முதல் அது ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகப் படிக்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் ஆறிதழ்ப் பூ வடிவில் இருக்க வேண்டும். இந்தக் காரில் அவை அசையாமல், பழைய பெயின்ட்டோடு இருந்தன. எண் 13637 என்று தொடங்கியது. இதில் 1 செவர்லேயையும், 36 எட்டு சிலிண்டர் மாலிபுவையும், 37 இரண்டு கதவு ஹார்ட்டாப்பையும் (பக்கக் கண்ணாடிகளுக்கு இடையே தூண் இல்லாத கூரை அமைப்பு) குறிக்கும். அடுத்த 0 என்பது 1970. அதன் பின் வரும் 'கே' கான்சாஸ் சிட்டியின் லீட்ஸ் ஆலை.

ஆனால் எஸ்.எஸ்.தானா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் விடை இல்லை. 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி மாடலாக இருந்ததால் அதன் எண் 138 என்று தொடங்கும். 1969 இல் அது விரும்பியவர் சேர்த்து வாங்கும் தொகுப்பாக மாறியது. எனவே 307 கன அங்குல இன்ஜின் பூட்டிய குடும்பக் காரும், இசட்25 என்ற எஸ்.எஸ். 396 தொகுப்போடு வந்த காரும் 1970 இல் ஒரே 13637 ஐத்தான் சுமக்கின்றன. போன்டியாக் ஜி.டி.ஓ. வாங்குகிறவர் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. 1966 முதல் அதன் சேசிஸ் எண்ணே 242 என்று தொடங்கிக் காரை அடையாளம் காட்டிவிடும். ஆலையிலிருந்து கார் எப்படி வெளிவந்தது என்று காட்டும் விலைப்பட்டியலை போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் நகலெடுத்துத் தருகிறது. ஃபோர்டு கார்களுக்கு, தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரப்படும் மார்ட்டி அறிக்கை உண்டு. அமெரிக்காவில் விற்கப்பட்ட செவெலுக்கு அப்படிக் கேட்டு வாங்கக்கூடிய ஆவணம் ஏதும் இல்லாததால், காரையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும்.

ஆகவே இன்ஜினுக்குப் போனேன். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கின் மேல் விளிம்பில் ஒரு சிறு தட்டையான பகுதி இருக்கும். அதன் மேல் படிந்திருந்த பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுத்தேன். அந்த இடத்தில் கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ படவே கூடாது. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்தபோது, ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடுவது தெரிந்தது. போலியாக எண் அடிப்பவர்கள் பழைய எழுத்தைத் தேய்த்து அழிக்கும்போது முதலில் மறைவது இந்தக் கோடுகள்தாம். இன்ஜினைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் நல்லெண்ணத்தோடு தளத்தைச் சீவிச் சமன்படுத்தும்போதும் அவை எண்களோடு சேர்ந்து போய்விடுகின்றன.

இங்கே கோடுகளின் மேல் 'டி 0212 சி.டி.எக்ஸ்.' என்று பதிந்திருந்தது. 'டி' நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா இன்ஜின் ஆலை, 0212 என்பது பிப்ரவரி 12, 'சி.டி.எக்ஸ்.' 350 குதிரைத்திறன் கொண்ட, மேனுவல் கியர்பாக்ஸுக்கான 396. (அந்த ஆண்டு அதன் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலமாகக் கூடியிருந்தும், பெயர் பெற்ற 396 ஐ நிறுவனம் விட்டுவிடவில்லை.) அருகில் '10கே' என்று தொடங்கும் மற்றொரு வரிசை, சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களோடு பொருந்தியது. முதல் வரிசை இன்ஜின் ஆலையிலும் இரண்டாவது கார் ஆலையிலும் அடிக்கப்படுபவை. ஆகவே எழுத்தின் ஆழமும் சாய்வும் வேறுபட்டிருப்பதே இயல்பு. இவை வேறுபட்டே இருந்தன.

அதன் பின் தேதிகளை வரிசைப்படுத்தினேன். பிளாக்கின் வார்ப்புத் தேதி 'பி 2 0', அதாவது 1970 பிப்ரவரி 2. மன்சி என்ற நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸின் குறியும் பிப்ரவரியையே காட்டியது. அதிலும் காரின் எண் இருந்தது. இன்ஜினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தீயரண் சுவரில் இருந்த பாடித் தகடு 02டி என்று பிப்ரவரி நான்காம் வாரத்தைச் சொன்னது. வார்ப்பு, இன்ஜின் பூட்டல், பாடி என்ற ஒழுங்கு எங்கும் பிசகவில்லை. கார்புரேட்டர் மட்டும் ஒத்துப்போகவில்லை. ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டில் நான்கு இலக்கத் தேதியின் முதல் மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், கடைசி இலக்கம் ஆண்டையும் தரும். இதில் 1452 என்று இருந்தது. காரை விட இரண்டு வயது இளையது. அதை விற்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

இவ்வளவுக்குப் பின்னும் மனம் முழுமையாக ஒப்பவில்லை. திறமையான ஒருவர் கோடுகளைக்கூடப் போலியாக வரையக்கூடும் என்பதால், பெட்ரோல் டாங்கைக் கழற்றிப் பார்க்க, காரை விற்கும் பெரியவரிடம் அனுமதி கேட்டேன். கார் ஆலைத் தளத்தில் நகரும்போது எதை எதைப் பூட்ட வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன பில்ட் ஷீட் என்ற தாளை, வேலை முடிந்ததும் டாங்கின் மேற்புறத்தில் விட்டுவிடும் வழக்கம் செவெல் ஆலைகளில் இருந்தது. அவர் தயங்காமல் சம்மதித்ததே எனக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்தது. எஞ்சியிருந்த பெட்ரோலை வடித்து, மீட்டர் கம்பியையும் குழாயையும் விடுவித்து, இரண்டு பட்டைகளையும் அவிழ்த்து டாங்கை இறக்கினோம். துருவோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு, தேநீர் நிறத்தில் ஒரு தாள் அங்கே இருந்தது. காய்ச்சி வடித்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிச் செருகி அதைப் பிரித்தெடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. நடுவே இருந்த கட்டங்கள் படிக்கக்கூடியவையாக இருந்தன: காரின் வரிசை எண், சி.டி.எக்ஸ்., நான்கு கியர், இசட்25. ஒரு காரின் டாங்க் மேல் வேறொரு காரின் தாள் கிடப்பதும் உண்டு என்பதால், வரிசை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்ட பிறகே நிமிர்ந்தேன்.

கார்புரேட்டரைக் கணக்கில் கொண்டு விலையைச் சற்றுக் குறைத்துப் பேசி வாங்கினேன். தாளை அமிலம் நீக்கிய உறையில் தட்டையாக வைத்து, நிழற்படங்களையும் உரிமைப் பத்திரத்தின் நகலையும் அதோடு சேர்த்திருக்கிறேன். இன்ஜின் இப்போது பட்டறையில் இருக்கிறது. பிளாக்கின் மேல் தளத்தை எக்காரணம் கொண்டும் சீவக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதி, பட்டறைக்காரரின் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறேன்.