கடலூருக்கு எப்போது வரலாம்?

கடலூர், புதுச்சேரி என்றதும் எங்கெல்லாம் போகலாம் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது வரலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கரையில் இடத்தைவிட மாதம்தான் முக்கியம்.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா குடும்பத்துக்கு விடுமுறை என்றால் மே மாதம்தான். அப்போது இங்கே கத்திரி வெயில். போதாக்குறைக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முதுநகர்த் துறைமுகத்தில் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சிறிய ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்வரும். வஞ்சிரம் வறுவலை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் விலையைக் கேட்டதும் நெத்திலிக்கு இறங்கி வந்துவிடுவார்கள். நெத்திலி ஒன்றும் குறைந்த மீன் இல்லை, அது வேறு விஷயம்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மார்கழியையும் முழுதாக நம்ப முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்றுதான் கரையைக் கடந்தது. மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் அதில் வேரோடு சாய்ந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது நவம்பர் 30 அன்று. ஆகவே பொங்கல் முடிந்து மாசி வரை, அதுதான் காலம்.

"மாமா, பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு மாசி மகத்துக்கு வாருங்கள்" என்றேன். பள்ளிக்கூடத்தை நினைத்து அக்கா முணுமுணுத்தாள். மாமா டிக்கெட் எடுத்துவிட்டார்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். சில சாமிகள் பல்லக்கில், பல சாமிகள் டிராக்டரில். ஒரு டிராக்டர் மணலில் புதைந்துகொண்டது. மேளக்காரர்கள் நாதஸ்வரத்தை உறையில் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். அம்மனுக்கு மேலே குடை பிடித்திருந்த பையன் மட்டும் இறங்கவில்லை. சக்கரம் மேலேறியதும் அர்ச்சகர் சரிந்த மாலையை நேராக்கினார், ஊர்வலம் கிளம்பியது. இந்தப் பக்கம் தர்ப்பணம், அந்தப் பக்கம் பஞ்சுமிட்டாய். எனக்குத் தெரிந்து இதற்கு ஈடான காட்சி இந்தக் கரையில் இல்லை. பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தே கைமாறின. மாமாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. அவர் நிலத் தரகர்.

புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர்தான். வார இறுதியில் அங்கே அறை வாடகை எகிறிவிடும் என்பதால், கடலூரில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்வருவதே புத்திசாலித்தனம். திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறக்காது. ஆரோவில் மாத்ரி மந்திருக்கு உள்ளே போக முன்பதிவு வேண்டும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமலே நடக்கவிடலாம். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து வருகிற பை என்றால் சந்தேகம் இருக்கத்தானே செய்யும்! உள்ளே பிஸ்கட்டும் ஈரத் துண்டும்தான்.

பிச்சாவரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. துடுப்புப் படகையே கேளுங்கள். குறுகலான கால்வாயில் நுழைந்ததும் சுரபுன்னைக் கிளைகள் தலையில் இடிக்கும். படகுக்காரர் "குனிங்க, குனிங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். வேருக்கு வேர் தாவும் சேற்று நண்டுகளை எண்ணத் தொடங்கிய அக்கா மகள் பாதியில் விட்டுவிட்டாள்.

மே மாதம்தான் முடியும் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அப்போது பண்ருட்டியில் பலா குவிந்து கிடக்கும். காலையில் போய் ஒரு பழம் வாங்கி வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே அறுத்துச் சாப்பிடலாம். நாலு மணிக்கு முன்னால் மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள்.