திரும்பும் தேதி

ஜூன் 2, திங்கள்

விடுப்பு விண்ணப்பத்தில் இரண்டு தேதிகள் கேட்கிறார்கள். விடுப்பு தொடங்கும் தேதி, பணிக்குத் திரும்பும் தேதி. முதலாவதை எழுதிவிட்டேன். இரண்டாவதைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நகர மாட்டேன் என்கிறது. அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டத்தில் என்ன தேதியைப் போடுவது? நான் எப்போது திரும்புவேன் என்பது அவர் எப்போது கிளம்புவார் என்பதைப் பொறுத்தது. அதை என் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள். கடைசியில் மாதக் கடைசி என்று போட்டு அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து மனசு ஆறவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

அப்பாவின் வலி மருந்து நேரம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, விடிகாலை 2.

ஜூன் 5, வியாழன்

அத்தை வந்திருந்தார். மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என்னை அடுத்த அறைக்கு இழுத்துப் போனார். "மார்ஃபினா? அதைக் கொடுத்தா ஆளைச் சீக்கிரம் கொண்டுபோயிடும்னு சொல்வாங்களேடி" என்றார். அழுதார். அண்ணன் மேல் அத்தைக்கு இருக்கும் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் போன பிறகு மதியம் இரண்டு மணிக்கு அளவுக் குழலில் மருந்தை இழுத்தபோது என் விரல் நடுங்கியது.

மாலையில் வலி நிவாரணக் குழுவின் நர்ஸ் வந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன். சின்ன அளவில் ஆரம்பித்து வலிக்குத் தகுந்தபடி கூட்டிக்கொண்டு போனால் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது என்றார். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலும் தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் கடைசிவரை கூடவே வரும், அதனால் மலமிளக்கியை ஒரு நாளும் விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறதாம்: முடிந்தவரை வாய் வழியாகக் கொடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். வலி எழுந்து உட்கார்ந்த பிறகு அதைப் படுக்க வைக்க இன்னும் அதிக மருந்து வேண்டியிருக்கும். எழும் முன்பே கொடுக்க வேண்டும்.

பொறுத்துக்கொள்வதை இந்த வீட்டில் ஒரு பெருமையாகவே வளர்த்துவிட்டோம். முதுகெலும்பில் பரவிய நோயோடு அப்பா மாதக்கணக்கில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலியைச் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். இப்போது நர்ஸ் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் அப்பா கொஞ்சம் யோசித்து "நாலு" என்கிறார். அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நாலு என்பதால் இல்லை, அவர் சொல்கிறார் என்பதால்.

ஜூன் 8, ஞாயிறு

"அந்தக் கோட்டை யார் முடிக்கிறது?"

இன்று காலையும் அப்பா கேட்டார். சாம்பல் நிறக் கோட்டு. மெஷினுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. உடம்புப் பகுதி முடிந்துவிட்டது, உள்ளே கேன்வாஸ் வைத்து மார்புப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, காலர் உட்கார்ந்துவிட்டது. கைகள் இரண்டும் தனியாக மடித்து வைத்திருக்கின்றன. கோட்டு வேலையில் கை வைப்பதுதான் கஷ்டம் என்று அப்பா சொல்வார். தோள்பட்டையில் வெட்டியிருக்கும் சுற்றளவை விடக் கையின் தலைப்பு பெரிதாகத்தான் வெட்டப்படும். அந்த அதிகத் துணியைச் சுருக்கம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வாங்கித் தைக்க வேண்டும். அப்போதுதான் போட்டவர் கையைத் தூக்கினால் கோட்டு முழுதும் மேலே ஏறாது. ஓட்டுத்தையல் போட்டு, மாட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி போட்டு, அப்புறம்தான் மெஷினுக்குக் கொண்டுபோவார்.

முன்பணம் வாங்கியிருக்கிறார். அது அவரை அரிக்கிறது. நான் அந்த வாடிக்கையாளருக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். "அப்பா குணமாகட்டும், அவசரமே இல்லை" என்றார். நல்ல மனிதர். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. தட்டோடு வந்து ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று அப்பாவின் உதட்டில் வைத்து அழுத்துகிறார். அப்பா வாயை இறுக மூடிக்கொள்கிறார். "சாப்பாடு கொடுக்காமலே கொல்றீங்களா?" என்று என்னிடம் கத்தினார் அம்மா.

நர்ஸ் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னதை நான் வாழ்நாளுக்கும் மறக்கப் போவதில்லை. சாப்பிடாததால் அவருக்கு நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. உடம்பு உணவை எடுத்துக்கொள்ளும் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது. திணித்தால் புரையேறும், வயிறு கனக்கும், வேதனைதான் கூடும். அவருக்குப் பசி இருக்காது. வாய் மட்டும் காயும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, அது உங்கள் வேலை என்று ஒரு சின்னப் பஞ்சுக் குச்சியைக் கொடுத்தார்.

மாலையில் பார்க்கிறேன், அம்மா குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதடு, பல் ஈறு, நாக்கு என்று துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா வாயைத் திறந்து காட்டுகிறார். இத்தனை வருஷம் சோறு போட்ட கைக்கு இன்னொரு வேலை தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கொடுக்காமல் தட்டை மட்டும் பிடுங்கியிருந்தால் அம்மா உடைந்திருப்பார்.

ஜூன் 14, சனி

தூக்கமில்லை. விடிகாலை 2 மணி மருந்து கொடுத்தாயிற்று. மூன்றரைக்கு முனகுகிறார். இடையில் கொடுக்கச் சொல்லியிருக்கும் கூடுதல் அளவையும் கொடுத்தேன். நாலரைக்கும் முனகல் நிற்கவில்லை. "எங்கேப்பா வலிக்குது?" கையை நெஞ்சில் வைத்தார், எடுத்துவிட்டார். தலையாட்டினார்.

சிசிலி சாண்டர்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தவர். சாகப் போகிறவரின் வலியை உடம்பு, மனம், உறவு, ஆன்மா என்று நாலு பக்கமும் சேர்த்து முழு வலியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். உடம்புப் பக்கத்துக்குத்தான் புட்டியில் மருந்து இருக்கிறது.

தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்து எவ்வளவு காலம் ஆயிற்று. தையலை விட்டுப் போன அன்று அப்பா சொன்னதும் அவன் சொன்னதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. எழுத மாட்டேன்.

விடிந்ததும் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

மூச்சு வாங்குகிறது. பயந்துவிட்டேன். நர்ஸ் பையிலிருந்து உள்ளங்கை அளவு மின்விசிறி ஒன்றை எடுத்து அப்பாவின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேராகப் பிடித்தார். முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால் அங்கிருக்கும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போய், மூச்சுத் திணறும் உணர்வு தணிகிறதாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, கட்டிலைச் சுற்றி நின்றவர்களை வெளியே அனுப்பினார். அப்பாவின் தோள் இறங்கியது.

ஒரு விசிறி. இதற்காகவா இத்தனை பயந்தோம்! சின்னச் சின்ன விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் பெரிய விஷயம்.

ஜூன் 19, வியாழன்

மேலாளர் போன் செய்தார். அப்பா எப்படி என்று விசாரித்துவிட்டு, "திட்டமிட வேண்டியிருக்கு, தோராயமா எப்போ?" என்றார். தோராயமாக. அந்தக் கட்டம் இன்னும் என்னைத் துரத்துகிறது. தெரியாது என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, அலுவலகத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது, இரவு ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "உங்க வேலையை நான் பார்த்துக்கறேன், பதில் போட வேண்டாம்." பதில் போட வேண்டாம் என்பதைப் படித்தபோதுதான் அழுதேன். துக்கத்தில் இருப்பவரிடம் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று நூறு பேர் சொல்கிறார்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் வேலையும் நம் தலையில்தான் விழுகிறது. இவள் கேட்கவே இல்லை, செய்துவிட்டாள். இனி யார் வீட்டில் என்ன நடந்தாலும் நான் இப்படித்தான் நடந்துகொள்வேன்.

ஜூன் 21, சனி

வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பாவிடம் போனான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணாலேயே ஆணியைக் காட்டினார். தம்பி கோட்டை எடுத்தான்.

வலது கையை ஊசியால் ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தையல் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பின்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"பிரி" என்றார்.

தம்பி பிரித்தான்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி "பிரி." இந்த முறை தம்பி முகத்தில் பழைய கோபம் ஒரு கணம் வந்து போனதைப் பார்த்தேன். வெளியே போய் நின்றான். திரும்பி வந்து பிரித்தான். சாயங்காலம் மூன்றாம் முறை தைத்துக் கொண்டுபோனபோது அப்பா தூங்கிவிட்டார்.

எழுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

எழுந்திருக்கவில்லை. மூச்சு வேகமாகி, ஆழமாகி, பிறகு மெலிந்துகொண்டே போய் நின்றுவிடுகிறது. நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். திரும்ப வருகிறது. செய்ன் ஸ்டோக்ஸ் மூச்சு என்று இதற்குப் பெயர், 1818இலும் 1854இலும் இதை எழுதி வைத்த இரண்டு டாக்டர்களின் பெயர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் ஒருவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறார் என்பது என்னவோ துணையாக இருக்கிறது.

தொண்டையில் கரகரவென்று சத்தம். விழுங்க முடியாமல் தேங்கும் நீர், அவருக்கு அது தெரியாது, கேட்கிற உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார் நர்ஸ். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். குறைந்தது.

ஜூன் 25, புதன்

காது கேட்குமா? கனடாவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சாகும் தறுவாயில் நினைவின்றிக் கிடந்த சிலரின் மூளை ஒலிகளுக்கு அசைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். புரிந்துகொண்டார்களா என்பதை அந்தக் கருவி சொல்லாது. எனக்கு அது போதும்.

என்ன பேசுவது? அவருடைய அளவு நோட்டை எடுத்து வாசித்தேன். தோள் 18, மார்பு 40, கை 24. தோள் 17, மார்பு 38, கை 23 அரை, இடது தோள் கொஞ்சம் இறக்கம். பக்கம் பக்கமாக. சில அளவுகளுக்குப் பக்கத்தில் "வளரும் பையன், உள்ளே துணி விடு" என்று எழுதியிருக்கிறார். யார் யாரோ வளர்ந்து பெரியவர்களாகி எங்கெங்கோ இருப்பார்கள். தம்பி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா அப்பாவின் உதட்டை நனைத்தார்.

ஜூன் 27, வெள்ளி

விடிகாலை 2 மணிக்கு மருந்து தேவைப்படவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மீதி மார்ஃபினை நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் வைத்திருக்கக் கூடாத மருந்து. சரிதான். ஆனால் புட்டி இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறேன். ஒவ்வொரு இரவும்.

ஜூலை 6, ஞாயிறு

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று ஒரு தோழி அனுப்பியிருந்தாள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அன்பாகத்தான் அனுப்பினாள். ஆனால் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப் போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. இழந்தவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக அதைப் பின்னால் ஆக்கிவிட்டார்கள். நான் எந்தப் படியிலும் இல்லை. காலையில் வங்கிப் படிவம் நிரப்பினேன், நிதானமாக, பிழையில்லாமல். மதியம் அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாலையில் அம்மா சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தேன். ஸ்ட்ரோபே, ஷுட் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது இதற்கு நெருக்கமாக இருக்கிறது: இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே மனசு போய்ப் போய் வரும், அந்தப் போக்குவரத்துதான் துக்கம். சிரித்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஜூலை 11, வெள்ளி

அலுவலகம். மேசை அப்படியே இருந்தது. பக்கத்து மேசைக்காரி முடித்த கோப்புகளை வரிசையாக வைத்திருந்தாள். அவளிடம் அப்பாவைப் பற்றிப் பேசினேன், அவளும் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். இத்தனை நாள் தெரியாது.

ஜூலை 17, வியாழன்

மெஷினை விற்றுவிடலாம் என்று அத்தை சொன்னார். அம்மா பதிலே பேசாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து ஒவ்வொரு துளையிலும் சொட்டு விட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கோட்டுக்காரர் நாளை போட்டுப் பார்க்க வருகிறாராம். வலது கை நிற்கிறது, எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. தம்பி திருப்தியில்லாமல் கட்டைவிரலை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறான். இடது கை இன்னும் வைக்கவில்லை. நூல் தீர்ந்துவிட்டது, டப்பாவில் சாம்பல் நிறத்தில் இரண்டு சாயல் இருக்கிறது, அப்பா எதைப் போட்டார் என்று கேட்கிறான். நோட்டில் எழுதியிருப்பாரா என்று பார்க்க வேண்டும்.