புல்தரையில் ஒரு டகோட்டா

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் காரில் சென்றால், வயல்களுக்கு நடுவே ஜெனிசியோ என்னும் சிற்றூர் வருகிறது. அங்குள்ள தேசியப் போர்விமான அருங்காட்சியகம் கோடையில் நடத்தும் பழைய போர் விமானக் காட்சிக்கு, பள்ளியில் படிக்கும் என் மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். ஓடுபாதை முழுவதும் புல்தரை என்பதால், விமானங்கள் கிளம்பும்போதெல்லாம் வெட்டிய புல்லின் வாசனையும் எஞ்சின் எண்ணெயின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன.

நான் பார்க்க விரும்பியது 'விஸ்கி 7' என்ற சி-47 விமானத்தை. நம் நாட்டில் டகோட்டா என்றால் உடனே தெரியும். 1947 அக்டோபர் 27 அன்று நம் படைவீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியது இந்த வகை விமானம்தான். ஜெனிசியோவில் நிற்கும் விமானமோ, இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 5 இரவு இங்கிலாந்திலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் 82ஆம் வான்வழித் தரைப்படைப் பிரிவின் பாராசூட் வீரர்களை நள்ளிரவுக்குப் பின் பிரான்சின் நார்மண்டியில் இறக்கியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2014இல், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து மீண்டும் அதே நார்மண்டிக்குப் பறந்து சென்று வந்தது.

இறக்கைகளிலும் உடற்பகுதியிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டியிருந்தார்கள். அலங்காரத்துக்காகவா என்று மகள் கேட்டாள். 1943 ஜூலையில் சிசிலித் தீவின்மேல் பறந்த தங்கள் விமானங்களையே பகைவருடையவை என்று நினைத்து நேசநாட்டுப் படையினர் சுட்டதில், ஒரே இரவில் 23 விமானங்கள் விழுந்தன. அந்தத் தவறு மறுபடி நேரக்கூடாது என்பதற்காகத்தான் நார்மண்டிக்குச் செல்லும் விமானங்களில் கடைசி நேரத்தில் இந்தப் பட்டைகளை அவசர அவசரமாகத் தீட்டினார்கள். இதைச் சொன்னபோது அவள் அந்தப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

உள்ளே ஏறினோம். இருபுறமும் நீளவாக்கில் குழிவான உலோக இருக்கைகள்; தலைக்கு மேலே வால்பக்கம்வரை ஓடும் ஒரு கம்பி. வியட்நாம் போரில் பணியாற்றிய தன்னார்வலர் ஒருவர், பாராசூட்டின் பட்டைக் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டி இழுத்துக் காட்டினார். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவருடைய முதுகுச் சுமையைச் சரிபார்ப்பாராம். வெளியில் வெயில் கொளுத்திய அந்த நண்பகலிலும், அதைக் கேட்டபோது என் கை சில்லிட்டது. அந்தக் கதவு வழியே இருட்டில் குதித்தவர்களில் பலர் இருபது வயதைத்தான் எட்டியிருந்தார்கள்.

காட்சி தொடங்கும் முன், படையில் பணியாற்றியவர்கள் எழுந்து நிற்குமாறு ஒலிபெருக்கியில் கேட்டார்கள். தடியூன்றி எழுந்தவர்களையும், கைக்குழந்தையுடன் நின்ற ஓர் இளம்பெண்ணையும் பார்த்துக் கூட்டம் வெகுநேரம் கைதட்டியது.

பிறகு விஸ்கி 7 கிளம்பியது. இந்த எஞ்சின்களில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அதை வெளியேற்றாமல் இயக்கினால் எஞ்சின் பழுதாகும். அதனால் இரண்டு பேர் விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிச் சுழற்றினார்கள். அவசரமே இல்லாத அந்த வேலையை நான் மிக மதித்தேன். அதன் பின் வெண்புகை கிளம்பி, எஞ்சின் இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது.

மாலையில் விமானம் இறங்கி நின்றதும், அதே இருவர் எஞ்சினுக்கடியில் எண்ணெய்த் தட்டை வைத்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் பட்டைகளில் தெறித்திருந்த எண்ணெயைப் பழந்துணியால் துடைக்கத் தொடங்கினார்கள்.