சிப்காட்டில் எங்கள் கூலிங் டவருக்கு ஃபில் மாற்றிய கதை

கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வந்தது. "சார், கன்டென்சர்ல வேக்கம் நிக்க மாட்டேங்குது. உங்க தண்ணி சூடா வருது." திரையில் பார்த்தேன். சூடான தண்ணீரைக் காற்றில் குளிர வைக்கும் கூலிங் டவரிலிருந்து போகும் தண்ணீர் 34.5 டிகிரி காட்டியது. 32-ஐத் தாண்டக் கூடாது. அந்த இரண்டரை டிகிரியால் அன்று ஒரு பேட்ச் ஆறு மணி நேரம் தாமதமானது.

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தண்ணீர், குளிரூட்டல் போன்றவற்றைத் தரும் யுட்டிலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டவரில் இரண்டு செல், அதாவது தனித்தனி அறைகள். ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர், மேலே ஃபேன் வைத்து காற்றை இழுக்கும் வகை. இரண்டும் சேர்ந்து மணிக்கு 600 கன மீட்டர் தண்ணீரை 5 டிகிரி குளிர வைக்க வேண்டும். மணிக்கு 30 லட்சம் கிலோகலோரி, அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் டன் குளிரூட்டும் வேலை. இதற்காக மணிக்கு சுமார் நாலரை கன மீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் லாரி ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் நிலத்தடி நீரின் கதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தக் கணக்கு எப்போதும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

டவருக்குள் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடம்தான் ஃபில். பழைய காலத்து டவர்களில் மரச்சட்டங்களை அடுக்கியிருப்பார்கள். தண்ணீர் ஒவ்வொரு சட்டத்திலும் மோதிச் சிதறித் துளியாகும். அது ஸ்ப்ளாஷ் ஃபில். இப்போது பெரும்பாலும் நெளி நெளியான பிவிசி தாள்களை ஒட்டிச் செய்த பேக்குகள்தான். தண்ணீர் தாளின் மேல் மெல்லிய படலமாக வழியும். அது ஃபிலிம் ஃபில். அதிலும் நெளிவுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும் கிராஸ் ஃப்ளூட் ஒரு வகை, நேராகக் கீழே இறங்கும் வெர்ட்டிகல் ஃப்ளோ இன்னொரு வகை.

மூன்று வருடத்துக்கு முன்னால் 12 மி.மீ. கிராஸ் ஃப்ளூட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். ஒரு கன மீட்டரில் சுமார் 240 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும் என்றார்கள். 19 மி.மீ. வகையில் அது 157 தான். பரப்பு கூடினால் குளிர்ச்சி கூடும் என்ற கணக்கில் தவறில்லை. முதல் கோடையில் தண்ணீர் 31 டிகிரியில் வந்தது; எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. பத்து நாளைக்குப் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு டிகிரி என்று ஏறியதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

அந்த மே மாதம் ஒரு செல்லை நிறுத்தி, மேலே, நீர்த்துளிகள் காற்றோடு வெளியேறாமல் தடுக்கும் டிரிஃப்ட் எலிமினேட்டரைக் கழற்றி உள்ளே இறங்கினோம். எங்கள் சீனியர் ஃபிட்டர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர். ஒரு பேக்கை ஒற்றைக் கையால் தூக்கப் போனவர், "தம்பி, இங்க வா, ரெண்டு பேரு புடிக்கணும்" என்று உதவியாளரைக் கூப்பிட்டார். வெளியே கொண்டுவந்து தொங்குதராசில் மாட்டினோம். 58 கிலோ. அதே அளவு புது பேக், அதாவது 1200-க்கு 600-க்கு 300 மி.மீ., 9 கிலோதான் இருக்கும்.

ஒரு செல்லில் 30 கன மீட்டர் ஃபில். ஒன்றேகால் டன் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு டன் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நூல் பிடித்துப் பார்த்தபோது தாங்கும் பீம் ஒன்று நடுவில் இரண்டு விரல்கடை தொய்ந்திருந்தது. குளிர்ச்சி குறைந்ததைவிட அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அந்த பீமுக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீர் சேரும் தொட்டியான பேசினில் எத்தனை தடவை ஆட்களை இறக்கிச் சேறு அள்ளச் சொல்லியிருக்கிறேன்!

அந்த பேக்கை ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்தோம். நெளிவுகளுக்குள் காற்று போக வழியே இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த களிம்பு. விரலில் எடுத்தால் வழுக்கியது, குளத்து வண்டல் வாசனை. சவுக்கு இலை ஊசிகள் பாய்க்கோரை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கியிருந்தன. எல்லோரும் "ஸ்கேல் சார், உப்புத் தண்ணிதானே" என்றார்கள். லேப் மேடத்திடம் கொடுத்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். லேசாக நுரைத்து அடங்கிவிட்டது. சுண்ணாம்புப் படிவமாக இருந்தால் பொங்கியிருக்கும். பிறகு காயவைத்து 550 டிகிரி சூளையில் எரித்து எடை பார்த்தார். கால்வாசி எடை எரிந்து போயிருந்தது. அது உயிர்ப்பொருள். மீதியில் பெரும்பகுதி மண். "சார், இது உப்பு இல்ல. பாசியும் மண்ணும் சேர்ந்து கட்டுன கட்டு" என்றார்.

மண் எங்கிருந்து வந்தது? போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் டவர் மணிக்கு சுமார் 4,30,000 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் தூசி என்றாலும் மணிக்கு 43 கிராம், நாளைக்கு ஒரு கிலோ, வருடத்துக்கு 375 கிலோ! சாலை வேலை நடந்த மாதங்களில், சிதம்பரம் சாலையில் போகும் லாரிகள் கிளப்பிய புழுதியில், இன்னும் எவ்வளவோ. கூலிங் டவர் காற்றைக் கழுவும் இயந்திரமும்கூட. கழுவிய அழுக்கெல்லாம் தண்ணீரில்தான் இருக்கும். அந்தத் தண்ணீரில் பாக்டீரியா வழுவழுப்பான படலம் கட்டும். படலத்தில் தூசி ஒட்டும். அதன் மேல் இன்னொரு படலம். 12 மி.மீ. இடைவெளி அடைய இரண்டு வருடம் போதும்.

நான் எங்கே சறுக்கினேன் என்பது அப்போதுதான் புரிந்தது. சப்ளையர் கொடுத்த படிவத்தில் "தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள்" என்ற கட்டத்தில் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு) என்று எழுதியிருந்தேன். ஜனவரியில், காற்று அடங்கியிருந்த ஒரு காலையில், பேசினின் மேல்மட்டத்தில் எடுத்த ஒரே ஒரு மாதிரி. 12 மி.மீ. வகைக்கு 25 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்று படிவத்திலேயே போட்டிருந்தது. படிவப்படி எல்லாம் சரி. யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த முறை தண்ணீரிலிருந்து தொடங்கினேன். ஜூன் முதல் நவம்பர் வரை வாரம் இரண்டு மாதிரி, டவருக்குத் திரும்பி வரும் ஹெட்டர் குழாயிலிருந்து. மேல்காற்று வீசிய ஆடி நாட்களில் 60, 70 என்று ஏறியது. பேசினைக் கலக்கிய மறுநாள் 110. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் 40-க்கு இறங்கியது. வருடம் முழுக்க 18 என்பது எங்கள் டவரில் இல்லவே இல்லை.

மூன்று சப்ளையர்கள் வந்தார்கள். ஒருவர் மறுபடியும் 12 மி.மீ. தான் தந்தார், கூடவே கிருமிகளைக் கொல்லும் ஒரு பயோசைட் திட்டம். ஒருவர் ஸ்ப்ளாஷ் கிரிட். அது அடைக்கவே அடைக்காது. ஆனால் அதே குளிர்ச்சிக்கு டவரின் உயரமே போதாது, புது டவர் கட்ட வேண்டும். மூன்றாமவர் 19 மி.மீ. கிராஸ் ஃப்ளூட், வெர்ட்டிகல் ஃப்ளோ இரண்டுக்கும் விலை கொடுத்தார். அழுக்கைத் தாங்கும் அளவுகள் ஒரு தயாரிப்பாளருக்கும் இன்னொருவருக்கும் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது: 12 கிராஸ் ஃப்ளூட் சீக்கிரம் அடைக்கும், பிறகு 19, அதைவிட வெர்ட்டிகல் ஃப்ளோ தாங்கும், கடைசியில் ஸ்ப்ளாஷ். குளிர்ச்சித் திறன் அப்படியே தலைகீழ் வரிசை.

தாளில் பார்த்து முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வகையிலும் இரண்டு பேக் மாதிரி வாங்கி, ஓடுகிற செல்லின் ஓரத்தில் ஒரு எஃகுச் சட்டம் அடித்து, பழைய ஃபில்லை அந்த இடத்தில் எடுத்துவிட்டு, தண்ணீரைத் தெளிக்கும் அதே நாசிலுக்குக் கீழே வைத்தோம். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் நீர் வடியவிட்டு எடை போடுவோம். தொடக்கத்தில் எல்லாம் 7 கிலோ. நான்கு மாதம் கழித்து கிராஸ் ஃப்ளூட் 15 கிலோ, வெர்ட்டிகல் ஃப்ளோ 9.5 கிலோ. ஒரே தண்ணீர், ஒரே காற்று. நேராக இறங்கும் வழியில் தண்ணீர் வேகமாகப் போகிறது, அழுக்கு தங்க மூலை கிடைப்பதில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஆன செலவு ஒரு பேட்ச் தாமதத்தின் நஷ்டத்தில் சிறு பங்குகூட இல்லை. டவர் வைத்திருக்கும் யாரும் இதைச் செய்யலாம்.

வெர்ட்டிகல் ஃப்ளோவில் குளிர்ச்சி குறையுமே, அதற்கு? 1.2 மீட்டர் ஆழத்தை 1.5 மீட்டராக, நாலு அடுக்கை ஐந்தாக ஆக்கினோம். நாசிலுக்கும் ஃபில்லுக்கும் நடுவே போதிய இடைவெளி மிஞ்சுகிறதா என்று அளந்த பிறகுதான். ஃபேன் இறக்கையின் கோணத்தையும் கொஞ்சம் கூட்டினோம், மோட்டார் ஆம்பியரைப் பார்த்துப் பார்த்து.

கணக்குக்குத் தேவையான வெட் பல்ப் வெப்பநிலையையும், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலையையும், நாமே அளக்க வேண்டும். டவர் தண்ணீரை அதற்குக் கீழே குளிர வைக்கவே முடியாது. அதை அளக்கும் சுழற்று சைக்ரோமீட்டரோடு, டவருக்குள் காற்று நுழையும் லூவர் அருகே ஒரு மாதம் நின்றேன். மூன்று மணிக்குக் கடற்காற்று ஏறினால் நமக்கு இதமாக இருக்கும், வெப்பமானியும் இறங்கும். ஆனால் அந்தக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவதால் வெட் பல்ப் இறங்காமல் 28-லேயே நிற்கும், சில நாள் ஏறவும் செய்யும். கரையோரம் இருக்கிற நாம் உள்மாவட்ட எண்ணை வைத்து டவர் வாங்கினால் கோடையில் கை விரிக்க வேண்டியதுதான்.

பர்ச்சேஸில் ஒரு கன மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டார்கள். நான் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜோடு போனேன். 0.38 மி.மீ. தாள் என்று கொட்டேஷனில் இருப்பது, நெளிவு அச்சில் இழுபடுவதற்கு முந்தைய தடிமன். அச்சிலிருந்து வரும்போது கால் மி.மீ. ஆகிவிடும். ஒரு மாதிரியில் நெளிவின் உச்சியில் 0.17 தான் இருந்தது. ஆர்டரில் "அச்சில் இழுத்த பிறகு 0.25 மி.மீ.க்குக் குறையக் கூடாது" என்று எழுதவைத்தோம். சாதாரண பிவிசி 50 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும்; எங்கள் திரும்பும் தண்ணீர் ஒரு வருடத்தில் 44-ஐத் தாண்டியதில்லை என்பதால் கூடுதல் சூட்டைத் தாங்கும் பாலிப்ரொப்பிலீனுக்குப் போகவில்லை.

பொங்கல் ஷட்டவுனில் வேலை. வந்த பேக்குகளை வெயிலில் அடுக்காமல் ஷெட்டுக்குள் வைத்தோம். அடுக்கும்போது பேக்கின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். ஓரம் நசுங்கினால் அந்த வழி அடைந்தது அடைந்ததுதான். தூண்களைச் சுற்றி வெட்டிப் பொருத்தும் இடத்தில்தான் அதிக நேரம் போனது. கை நுழையும் இடைவெளி விட்டால் காற்று தண்ணீரைத் தொடாமல் அதன் வழியே ஓடிவிடும்.

இரண்டாம் நாள் மாலை கழிவுக் குவியல் பக்கம் புகை தெரிந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் பழைய பிவிசியைக் கொளுத்தப் பார்த்தார்கள். ஓடிப்போய் அணைத்தோம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண், மூச்சு எல்லாம் எரியும். பக்கத்துக் கிராமமான குடிகாடு மக்கள் ஏற்கெனவே எத்தனை வாடையைச் சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள். நம் பங்குக்கு அதையும் சேர்க்க முடியாது என்று அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். பேக்குகளைக் கழுவி மறுசுழற்சிக்கும், சேற்றைத் தனியாகக் கட்டி அனுமதி உள்ள கழிவு வழியிலும் அனுப்பினோம்.

கூடவே, சுற்றும் தண்ணீரில் ஒரு பங்கைத் தொடர்ந்து வடிக்கும் மணல் ஃபில்டர் ஒன்றும், சவுக்குத் தோப்புப் பக்கத்து லூவர்களுக்கு வலையும் போட்டோம். ஃபில்டர் வந்த பிறகு ஆடிக் காற்றிலும் 50 பிபிஎம் தாண்டவில்லை.

அடுத்த கத்திரியில், வெட் பல்ப் 28 இருந்த ஒரு மதியம், டவரிலிருந்து போன தண்ணீர் 32. நல்ல நாளில் 12 மி.மீ. கொடுத்த 31 இதில் வராது. அந்த ஒரு டிகிரியை நான் தெரிந்தேதான் விட்டேன்.

சோதனைச் சட்டத்தை எடுக்கவில்லை. வெர்ட்டிகல் பேக் ஒன்று இன்னும் அதில் இருக்கிறது. மாதம் பிறந்தால் சீனியர் ஃபிட்டர் நான் சொல்லாமலே தராசை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எடையை மார்க்கர் பேனாவால் தூணில் எழுதி வைப்பார். 9.5 என்ற எண்ணுக்கு அடியில் 9.8, 10.1, 10.1 என்று தொடங்கி எண்களின் வரிசை தூணில் இறங்குகிறது. போன வாரம் எழுதியது 10.4.